வில் வேட்டைக்கு எல்க் அழைப்பான்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை அலமாரியிலேயே விட்டுவிடலாம்

ஆகஸ்ட் வந்துவிட்டால் கொலராடோ, ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் வேட்டைச் சாமான் விற்கும் கடைகளில் எல்க் அழைப்பான்களுக்கென்றே ஒரு சுவரை ஒதுக்கிவிடுவார்கள். எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் வகை; அதன் குரலைப் போல ஒலி எழுப்பி அதை அருகே வரவழைக்கும் கருவிதான் அழைப்பான். உறைக்கு உறை ஒரு பெயர், ஒரு நிறம், கொம்பு விரித்து நிற்கும் ஒரு ஆண் எல்க்கின் படம். பெயர்களை நீக்கிப் பார்த்தால் தொங்குவதெல்லாம் நான்கே வகை. வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டவைக்கும் டயாஃப்ரம். உதட்டில் கவ்வி ஊதும் திறந்த ரீட் (ரீட் என்றால் காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாக்கு). கையால் அமுக்கும் ரப்பர் துருத்தி. ஒலியைப் பெருக்கும் நீளக் குழல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துப்பாக்கிக்காரருக்கு ஒலி எழுப்பும் முதல் மூன்றில் எதுவும் போதும். வில்லோடு போகிறவருக்கு டயாஃப்ரம் இல்லாமல் முடியாது. மற்ற மூன்றும் அதற்குத் துணைதான். காரணம், அம்பு எட்டும் தூரம். நல்ல வில்லாளிக்கும் எல்க் மீது நம்பி எய்யக்கூடிய தூரம் பெரும்பாலும் 20 முதல் 40 கெஜம். அவ்வளவு அருகே வந்துவிட்ட விலங்கு நடந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தியாக வேண்டும். அந்த நொடியில் உங்கள் இரண்டு கைகளும் வில்லில் இருக்கும். கை தேவைப்படும் எந்தக் கருவியும் அப்போது உதவாது. கடையில் நிற்கும்போது பத்தில் ஒன்பது பேர் அரை மைல் தூரம் கேட்கும் பியூகிளை, அதாவது ஆண் எல்க்கின் உரத்த கூவலைக் கற்பனை செய்து வாங்குகிறார்கள். கடைசி முப்பது கெஜத்துக்கு எழுப்ப வேண்டிய ஒரு சின்ன 'மியூ'வை, அதாவது பெண் எல்க்கின் மெல்லிய அழைப்பை நினைத்து வாங்குவதுதான் சரி.

டயாஃப்ரம்

குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய அலுமினிய ஃபிரேம், அதில் ரீடாக இழுத்துக் கட்டிய லேடெக்ஸ் (மெல்லிய ரப்பர்), சுற்றிலும் துணி டேப். அவ்வளவுதான் பொருள். ஒன்று சுமார் 8 முதல் 15 டாலர். மூன்று சேர்ந்த பொதியாக வாங்கினால் கொஞ்சம் மலிவு. விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மூன்று விஷயங்களில் இருக்கிறது: லேடெக்ஸின் தடிமன், இழுப்பு, எத்தனை அடுக்கு.

தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். 0.003 என்றால் மெல்லியது. குறைந்த காற்றுக்கே பேசும், சீக்கிரம் உச்சத்துக்கு ஏறும், சீக்கிரம் கிழியவும் செய்யும். 0.004, 0.005 எல்லாம் தடித்தவை. அடிவயிற்றிலிருந்து காற்றுத் தள்ளத் தெரிந்தவர்களுக்கு நல்ல கனமான பியூகிள் தரும், தெரியாதவர்களுக்கு 'புஸ்' என்ற சத்தம் மட்டும் தரும். இழுப்பு அதிகமானால் ஒலி கூர்மையாகவும் சுத்தமாகவும் வரும், ஆனால் நாக்கு அதிகமாக உழைக்க வேண்டும். இழுப்பு தளர்ந்தால் எளிதாகப் பேசும், கொஞ்சம் கரகரப்பும் கலக்கும். இரண்டு அடுக்கு ரீட் சத்தத்தையும் கரகரப்பையும் கூட்டும், காற்றையும் கூடுதலாகக் கேட்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஒற்றை ரீட், மெல்லிய லேடெக்ஸ், இலேசான இழுப்பு என்று வாங்க வேண்டும். உறையில் 'பெண் எல்க் ஒலிக்கு', 'தொடக்கநிலை' என்று போட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். போட்டியில் ஜெயித்தவர் ஊதிய மாடல் என்று விளம்பரப்படுத்தும் மூன்றடுக்கு டயாஃப்ரத்தை முதலில் வாங்குவது தண்டச் செலவு. அது மோசமான பொருள் அல்ல. அதை ஊதும் நாக்கு உங்களுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறு என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அண்ணம் குறுகலாக இருந்தால் டேப்பின் ஓரத்தைச் சிறு கத்தரியால் நூலிழை நூலிழையாக வெட்டிக் குறைக்கலாம்; ஃபிரேமைத் தொடக் கூடாது. அண்ணம் உயரமாக வளைந்திருந்தால் ஃபிரேமின் இரு கால்களையும் கட்டைவிரலால் மெதுவாகக் கீழ்நோக்கி வளைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் அந்தப் பக்கம் காற்று ஒழுகும். லேடெக்ஸின் மேலே மேடுபோன்ற ஒரு தகடு வைத்த மாடல்களும் உண்டு. ராக்கி மவுண்டன் ஹண்டிங் கால்ஸ் நிறுவனத்தின் அண்ணத் தகடு இந்த வகை. தகடு அண்ணத்தில் முட்டி நிற்பதால் ரீடுக்கும் அண்ணத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். சாதாரண தட்டை மாடல் வாயில் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருந்தால், இந்தக் கூடுதல் ஓரிரண்டு டாலர் தாராளமாகத் தகும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பகுதியையே தாண்டிவிட்டுத் திறந்த ரீடுக்குப் போய்விடலாம்.

பழகும் முறை. ரீடின் திறந்த பக்கம் முன்பல்லை நோக்கி, ஃபிரேமின் வளைவு தொண்டையை நோக்கி. எந்த முகம் கீழே என்பது உறையில் போட்டிருக்கும், அதை மாற்றிப் போடக் கூடாது. புது ரீட் விறைப்பாக இருக்கும். நாதஸ்வரச் சீவாளியைப் போல எச்சிலில் ஊறினால்தான் இதுவும் பேசும். சில நிமிடம் வாயில் வெறுமனே வைத்திருங்கள். பிறகு நாக்கின் நடுப்பகுதியை ரீடின் மீது இலேசாக அணைத்து, 'ஹ்ஹ்' என்று வயிற்றிலிருந்து காற்றை விடுங்கள். கன்னம் உப்பக் கூடாது. உப்பினால் அழுத்தமெல்லாம் கன்னத்துக்குப் போய்விடும்.

முதலில் வரவேண்டியது ஒரே சுரம், ஏறாமல் இறங்காமல் மூன்று நான்கு நொடி. அது நிலைக்கும்வரை மியூவும் வேண்டாம், பியூகிளும் வேண்டாம். அதன்பின் நாக்கின் அழுத்தத்தைக் கூட்டினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். இடையில் அறுபடாமல் ஏற்றி இறக்கிப் பழக வேண்டும். மியூ என்பது இந்த ஏற்ற இறக்கத்தின் இரண்டாம் பாதிதான். உச்சியில் தொடங்கி, தாடையைக் கீழே விட்டு, 'ஈ…யாவ்' என்று வழுக்கி இறக்க வேண்டும். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இன்னும் உயரமாக, இன்னும் குட்டையாகச் செய்தால் கன்றின் குரல். நீட்டி, கெஞ்சுவதுபோல் இழுத்தால் பருவத்துக்கு வந்த பெண் எல்க்கின் முனகல்.

எங்கே சறுக்கும்? வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வந்தால் நாக்கின் அழுத்தம் போதவில்லை, அல்லது டேப்பின் ஓரமாகக் காற்று கசிகிறது. கீச்சென்று அடைத்துக்கொண்டால் அழுத்தம் அதிகம். குமட்டல் வந்தால் டயாஃப்ரம் தொண்டைப் பக்கம் தள்ளிப் போய்விட்டது. முன்னால் இழுத்து வைத்து, ஊதாமல் சும்மா வாயில் போட்டுக்கொண்டு வேறு வேலை பாருங்கள், சில நாளில் அடங்கும். நாக்கு நுனியில் தாங்கமுடியாத கூச்சம் எல்லோருக்கும் வரும், அதுவும் போய்விடும். வாரம் ஒரு மணி நேரம் ஊதுவதைவிடத் தினம் பத்து நிமிடம் ஊதுவது பலன் தரும். காரில் தனியாகப் போகும் நேரம் இதற்கு வாய்ப்பு. ஜூனில் தொடங்கினால் செப்டம்பருக்கு மியூ கைவசம் இருக்கும். இன்னொன்று: சொந்தக் காதை நம்ப வேண்டாம். ஒலி தாடை எலும்பு வழியாகவும் உங்கள் காதுக்குப் போவதால் எல்லாம் பிரமாதமாகவே கேட்கும். கைபேசியை ஐம்பது கெஜம் தள்ளி வைத்துப் பதிவு செய்து கேட்டால் உண்மை தெரியும்.

குழல்

சுமார் 35 டாலரிலிருந்து 60 வரை ஒரு கூட்டம், நூறைத் தாண்டி இன்னொரு கூட்டம். குழல் ஒலியை உண்டாக்குவதில்லை. வாயில் இருக்கும் டயாஃப்ரத்தின் ஒலிக்கு அடிக்கனமும் திசையும் கொடுக்கிறது. அதனால் விலை உயர்ந்த குழலை வாங்கி டயாஃப்ரத்தில் தடுமாறுகிறவருக்கு அந்தக் காசு எந்த வேலையும் செய்யாது. கடையில் ஒலிநயத்தைவிட வேறு சிலவற்றைக் கவனியுங்கள். வாய்ப்பகுதி உதடுகளைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் மூடுகிறதா? கொஞ்சம் குறுகலான வாய்ப்பகுதி காற்றைத் திருப்பி எதிர்த்துத் தள்ளும்; அந்த எதிர்ப்பு இருந்தால் உச்சச் சுரத்தை எட்டுவது எளிது. மேலே நியோபிரீன் (மெத்தென்ற ரப்பர்) உறை இருக்கிறதா? உறையில்லாத பிளாஸ்டிக்கும் உலோகமும் புதரில் உரசும்போது காட்டில் எந்த விலங்கும் எழுப்பாத ஒரு சத்தம் எழும். பழைய மடிப்புக் குழாய்க் குழல்கள் இந்தக் குற்றத்தில் முதலிடம். வளையங்கள் கிளையில் கர்ரென்று தேய்க்கும். தோளில் மாட்டும் வார் தேவை, ஆனால் அதன் கொக்கி உலோகமாக இருந்தால் நாடா சுற்றிவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நாள் முழுக்க முதுகில் தொங்கிய குழலுக்குள் பைன் ஊசியும் பட்டைத் துகளும் சேர்ந்திருக்கும். பியூகிளுக்கு முன் ஆழ்ந்து மூச்சை இழுக்கும்போது வாய் குழலில் இருந்தால் அதெல்லாம் தொண்டைக்குள் வரும். தட்டிவிட்டு, மூக்கால் மூச்சிழுத்துப் பிறகு ஊதுவது நல்லது.

பியூகிளை மூன்று படியாகக் கட்ட வேண்டும். தளர்ந்த நாக்கோடு தாழ்ந்த தொடக்கம். காற்றையும் நாக்கின் அழுத்தத்தையும் சேர்த்தே கூட்டி உச்சிக்கு ஏற்றம், அங்கே இரண்டு மூன்று நொடி. பிறகு சட்டென்று இறக்கம். காற்றைக் கூட்டாமல் நாக்கை மட்டும் அழுத்தினால் நடுவழியில் குரல் உடையும். புதியவர்களின் பியூகிளில் நாம் கேட்கும் அந்த முறிவு இதனால்தான். சக்கிள் என்னும் தொடர் உறுமல்கள் வயிற்றிலிருந்து காற்றை இடைவிட்டு இடைவிட்டு உதைத்துத் தள்ளுவதால் வருபவை. தொண்டைக்குள் சொந்தக் குரலையும் கலந்தால் மிரட்டும் கரகரப்பு வரும். பெண் எல்க் கூட்டத்தை வைத்திருக்கும் ஆணான கூட்டத்தலைவன் தன் பெண்களுக்கு அருகில் எழுப்பும் 'க்ளங்க்' என்ற நீர்ச்சொட்டு ஒலிக்கு எதையும் ஊத வேண்டாம், குழலின் வாயை உள்ளங்கையால் தட்டினால் போதும்.

திறந்த ரீட், அமுக்கும் துருத்தி

திறந்த ரீட் 15 முதல் 30 டாலர். பிளாஸ்டிக் பலகையின் மீது ஒரு மெல்லிய நாக்கு. உதட்டால் எந்த இடத்தில் கவ்வுகிறோமோ அதைப் பொறுத்து சுரம் மாறும். அரை மணி நேரத்தில் நம்பத்தக்க மியூ வந்துவிடும், கன்றின் குரல் டயாஃப்ரத்தைவிட இதில் நன்றாகவே வரும். இருவர் சேர்ந்து போகும்போது, வில் எடுக்காமல் பின்னால் நின்று அழைக்கிறவருக்கு இதுதான் எங்கள் சிபாரிசு. குறை என்றால் உறைபனிக் காலையில் மூச்சின் ஈரம் ரீடுக்கு அடியில் உறைந்து ஊமையாகிவிடும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் தப்பும். ஒரு முடியோ புல்துணுக்கோ ரீடுக்குள் போனாலும் இதே கதை.

துருத்தி வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பிரைமோஸின் ஹூச்சி மாமா. அமுக்கினால் மியூ. பழகவே வேண்டாம். ஆனால் ஒரே குரல், ஒரே சாயல். வேட்டை நெருக்கடி மிகுந்த பொதுக் காடுகளில் செப்டம்பர் பாதிக்குள் எல்க்குகள் இந்தச் சாயலைப் பலமுறை கேட்டிருக்கும். கையும் வேண்டும். பையில் போட்டுக்கொண்டு மரத்தில் சாய்ந்தால் அதுவாகவே கத்தும். டயாஃப்ரத்தோடு மாற்றி மாற்றி ஊதி, இரண்டு மூன்று பெண்கள் நிற்பதுபோல் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். தனியே இதை மட்டும் நம்பி வில்லோடு போக வேண்டாம்.

செயலிகளும் பாடங்களும்

எல்க்நட் செயலி பத்து டாலர் அளவில் கிடைப்பது. ஒவ்வொரு ஒலியும் எல்க்குகளிடையே எதற்குப் பயன்படுகிறது என்று பிரித்துச் சொல்லுவதுதான் அதன் பலம். ஒலி எழுப்பப் பழகுவதைவிட எந்த நேரத்தில் எதை எழுப்புவது என்பதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். அந்த இடத்தில் இந்தப் பத்து டாலர் இன்னொரு குழலைவிட மேல். எல்க்101 தளத்தின் இணையப் பாடம் அழைப்பைத் தாண்டி வரைபடம் பார்ப்பது, திட்டமிடுவது, இறைச்சி சுமப்பதுவரை போகும். அழைப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு அது அதிகம். முதல்முறை மேற்கு மலைகளுக்குப் போகிறவர்களுக்கு அளவானது. 1984இல் மொன்டானாவில் தொடங்கிய ராக்கி மவுண்டன் எல்க் ஃபவுண்டேஷன் நடத்தும் உலக எல்க் அழைப்புப் போட்டியின் பதிவுகளையும் பலர் பார்த்துப் பழகுகிறார்கள். நாக்கும் காற்றும் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிய அது நல்லது. ஆனால் அங்கே ஊதுவது நடுவர் காதுக்கு. காட்டில் பாதி எல்க்குகளின் பியூகிள் அதைவிட மோசமாகவே இருக்கும்.

நிஜக் குரல்களைக் கேட்கவும் இடங்கள் இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் மொரெய்ன் பார்க் புல்வெளியோரம் மாலையில் நின்றால் ஒரு மணி நேரத்தில் எல்லா ஒலியும் கேட்டுவிடலாம். யெல்லோஸ்டோனின் மாமத் பகுதியும் அப்படித்தான். காதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பூங்காக்களிலும் விலங்குகளை ஒலியெழுப்பி அழைப்பது சட்டவிரோதம்.

செயலியைக் காட்டுக்குள் ஒலிக்கவிடுவதும் அப்படித்தான். கொலராடோ, மொன்டானா, ஐடஹோ மூன்றிலும் எல்க் வேட்டையில் பதிவு ஒலியையோ மின்னணு அழைப்பானையோ பயன்படுத்தத் தடை இருக்கிறது. கைபேசி ஸ்பீக்கரும் அதில் அடங்கும். மற்ற மாநிலங்களுக்குப் போகிறவர்கள் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

வாங்கியதைக் காட்டில் எப்படிச் செலவழிப்பது

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிற்கும் இடம் தவறினால் வேலைக்கு ஆகாது. இந்தப் பொருள்களைப் பற்றி 'ஒன்றும் வரவில்லை' என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான்.

விடியலில் மலைமுகட்டிலிருந்து கரகரப்பில்லாத, உயர்ந்த, சாதாரண பியூகிள் ஒன்று. பதில் வந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டு நெருங்க வேண்டும். இங்கே நடக்கும் தவறு, முந்நூறு கெஜத்திலிருந்தே சண்டைக்கு அழைக்கும் பியூகிளை ஊதுவது. பெண்களோடு இருக்கும் கூட்டத்தலைவனுக்கு அவ்வளவு தூரத்தில் சண்டை போட அவசியமே இல்லை. பெண்களைத் திரட்டிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போய்விடுவான். நூறு கெஜத்துக்குள், முடிந்தால் இன்னும் உள்ளே, காற்று சரியாக இருக்கும்போது நுழைந்து, பெண் குரல் ஒன்று, அதன்மீது வெட்டுவதுபோல் குட்டையான, கரகரத்த பியூகிள் ஒன்று, கூடவே காய்ந்த கிளையால் மரத்தைப் பறபறவென்று தேய்த்தல். இப்போது அவனுக்குத் திரும்பி வந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

காற்று. காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும்; வெயில் சரிவில் பட்டுச் சூடேறியதும் மேலே திரும்பும்; மாலையில் மறுபடி இறக்கம். காலையில் இந்தத் திருப்பம் நடக்கும் நேரத்தில் காற்று நிலையின்றிச் சுழலும், அப்போது அழைத்தால் வந்த எல்க்கையும் மணம் விரட்டிவிடும். கடையில் கிடைக்கும், காற்றின் திசை காட்டும் பொடி டப்பாவும் அழைப்பானோடு சேர்ந்த கருவிதான் என்று எண்ணி வாங்குங்கள்.

வரும் ஆண் எல்க் பெரும்பாலும் அறுபது முதல் நூறு கெஜத்தில் நின்றுவிடும். ஒலி வந்த இடத்தைப் பார்க்க முடிகிற முதல் இடத்தில் நிற்கிறது; குரல் வந்த இடத்தில் எல்க் இல்லையே என்று பார்க்கிறது. இதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. இருவர் என்றால் வில்லாளி முன்னால், அழைப்பவர் நாற்பது அறுபது கெஜம் பின்னால். அப்போது எல்க் நிற்கும் இடம் வில்லாளியின் எல்லைக்குள் விழும். எல்க் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும் என்பதால் வில்லாளி நேர்கோட்டில் நிற்காமல் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். அழைப்பவர் சிலையாக நிற்கத் தேவையில்லை. நடக்கலாம், கிளை முறிக்கலாம், எல்க் நடந்தால் சத்தம் வரும்தானே. தனியாக இருப்பவர் அழைத்துவிட்டு முப்பது நாற்பது கெஜம் முன்னேறிக் காத்திருக்கலாம். அல்லது குழலைப் பின்பக்கம் திருப்பி ஊதலாம். குழலின் மெய்யான பயன்களில் இது ஒன்று.

புதருக்குப் பின்னால் ஒளியாதீர்கள், புதருக்கு முன்னால் நில்லுங்கள். பின்னால் ஒளிந்தால் வில்லை இழுக்கும்போது புதர் அசையும், எய்ய வழியும் இருக்காது. முன்னால் நின்றால் பின்னணி உங்கள் உருவத்தைக் கரைத்துவிடும். சுற்றியுள்ள மூன்று நான்கு மரங்களின் தூரத்தை அளந்து மனதில் போட்டுக்கொண்ட பிறகே முதல் மியூ.

பெண் குரலுக்கு மட்டும் வருகிற, கூட்டமில்லாத இளம் ஆண்கள் பெரும்பாலும் சத்தமே போடாமல் வரும். பதினைந்து நிமிடத்தில் பதில் இல்லை என்று எழுந்து நடப்பவர்களின் முதுகைத்தான் அவை பார்க்கின்றன. அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். இடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லிய மியூ ஒன்றோ இரண்டோ போதும். செப்டம்பர் தொடக்கத்தில் மியூவும் மரம் தேய்ப்பதும் போதுமானவை; பெண்கள் பருவத்துக்கு வரத் தொடங்கும் மாத நடுப்பகுதிக்கு மேல்தான் சண்டை பியூகிளுக்கு வேலை.

கடைசி முப்பது கெஜத்தில் டயாஃப்ரம் நாக்கின் மேல் தயாராக இருக்க வேண்டும், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கக் கூடாது. எல்க்கின் கண் மரத்துக்குப் பின்னால் மறையும் கணத்தில் வில்லை முழுதாக இழுங்கள். எய்யும் இடைவெளிக்குள் அது கால் வைத்ததும் ஒரு மியூ, கொஞ்சம் அழுத்தமாக. நின்று உங்கள் பக்கம் தலையைத் திருப்பும். குரல் உடைந்து கீச்சிட்டால் நிற்பதற்குப் பதில் துள்ளிவிடும். ஒற்றை ரீடையே நாங்கள் மறுபடி மறுபடி சொல்வதற்கு இதுதான் காரணம், பதற்றத்தில் வறண்ட வாயிலும் அது பேசும். மியூவுக்கு முன்பே வில்லில் குறிபார்க்கும் ஊசி (சைட் பின்) சரியான மரத்தின் தூரத்துக்கு இருக்க வேண்டும். நின்ற விலங்கு சில நொடிகளுக்கு மேல் காத்திருக்காது. அம்பு போன உடனேயே இன்னொரு மியூ அல்லது பியூகிள் விடுங்கள். என்ன நடந்தது என்று புரியாத விலங்கு பல சமயம் ஓட்டத்தை நிறுத்தி நின்று பார்க்கும், அதனால் தடம் தேடும் தூரம் குறையும். எழுந்து ஓடாமல் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். குடலில் பட்டது என்று சந்தேகம் இருந்தால் பல மணி நேரம்.

வயோமிங், மொன்டானா, ஐடஹோவில் கிரிஸ்லி கரடி உள்ள பகுதிகளில் இந்தக் கருவிகளுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நீங்கள் எழுப்புவது இரையின் குரல், நிற்பது மறைவில், காற்றும் உங்களுக்குச் சாதகமாக. கரடி விரட்டும் ஸ்பிரே பையின் அடியில் அல்ல, இடுப்பில், ஒரு கையால் எடுக்கும்படி. அழைத்து முடித்த இடத்தில் பின்பக்கத்தையும் அவ்வப்போது பாருங்கள். வருவது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். மிக நன்றாக மியூ சொல்லும் 'பெண் எல்க்' ஒன்று தொப்பி போட்டிருப்பது இந்த மலைகளில் அபூர்வம் அல்ல.

பையில் என்ன

எங்கள் கணக்கு: ஒற்றை ரீட் டயாஃப்ரம் மூன்று, நடுத்தர இரட்டை ரீட் ஒன்று, உறைபோட்ட 40 டாலர் குழல் ஒன்று, எல்க்நட் செயலி. நூறு டாலரை ஒட்டி முடிந்துவிடும். கூட ஆள் வந்தால் அவருக்கொரு திறந்த ரீட்.

டயாஃப்ரம் பருவத்துக்குப் பருவம் வாங்கும் பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேடெக்ஸைக் கெடுப்பவை வெயிலும் சூடும்தான். டிரக்கின் டேஷ்போர்டில் ஒரு மதியம் கிடந்தது அடுத்த நாள் அரைச் சுரம் இறங்கிப் பேசும். ஊதி முடித்ததும் சுத்தத் தண்ணீரில் அலசி, உதறி, காற்றோட்டமுள்ள டப்பாவில் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். இரட்டை ரீட் என்றால் அடுக்குகளுக்கு இடையே தட்டையான பல்குச்சியைச் செருகி வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பருவம் முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ரீடின் ஓரம் அலையலையாக நெளிந்திருந்தாலோ, முன்பு எட்டிய உச்சியை எட்ட மறுத்தாலோ தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் பிரியுங்கள். அதை வேட்டைக்கு முந்தின இரவு பிரிக்காமல் ஒரு வாரம் முன்பே பிரித்து ஊதிப் பழக்கிவிடுங்கள்.